விசுவாசம் இருந்தும் பயமாக இருக்கிறதே, தைரியம் எங்கிருந்து வரும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: வேலை போய்விட்டது, கடன் நெருக்குகிறது, வீட்டில் ஒருவருக்கு நீண்டகால நோய். சிறுவயதிலிருந்து சபைக்குப் போகிறவர் நீங்கள். ஆனால் இப்போது ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் "தைரியமாய் இருங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தத் தைரியம் எங்கிருந்து வரும், இவ்வளவு பயம் இருப்பதே விசுவாசக் குறைவுதானா என்று கேட்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குறைவு இல்லை. கெத்செமனே தோட்டத்தில் இயேசு "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று மாற்கு எழுதுகிறார். "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று தம் சீஷர்களிடம் வாய்விட்டே சொன்னார். மூன்று முறை ஒரே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்கிறார் மத்தேயு. புதிதாக அழகாகச் சொல்ல எதுவும் வராமல் சொன்னதையே திரும்பச் சொல்லும் நிலைமை உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. அந்த இரவில் அவர் கேட்டது நிறைவேறவும் இல்லை, நீக்கும்படி அவர் கேட்ட பாத்திரம், அதாவது வரப்போகிற பாடு, நீங்கவில்லை. அவரிடம் விசுவாசம் குறைந்திருந்தது என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள்.

பவுலும் அப்படித்தான். ஆசியாவில் நேர்ந்த உபத்திரவத்தைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதும்போது, "பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக, எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தமுண்டாயிற்று" என்கிறார். பலத்திற்கு மிஞ்சின என்று அவரே சொல்கிறார், கவனியுங்கள். "தாங்க முடியாததைக் கடவுள் கொடுக்கமாட்டார்" என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் வழக்கமாகக் காட்டும் வசனம் முதல் கொரிந்தியர் 10:13. அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தால் பேச்சு விக்கிரக ஆராதனை, வேசித்தனம், முறுமுறுப்பு ஆகியவற்றில் விழாமல் நிற்பதைப் பற்றியது என்று தெரியும். கடனையும் நோயையும் எடைபோட்டு அளவாகத்தான் அனுப்புவார் என்று அங்கே யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தாங்க முடியவில்லை என்று உணர்கிறவர் அந்த வசனத்தைக் கேட்டதும் "அப்படியானால் என்னிடம்தான் ஏதோ கோளாறு" என்று இன்னும் உடைந்துபோகிறார். ஏற்கெனவே இருக்கிற பாரத்தின்மேல் இது ஒரு குற்ற உணர்வு.

சரி, தைரியம் எங்கிருந்து வரும்? இதற்கு வேதத்திலே எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான இடம் முதல் சாமுவேல் 30-ஆம் அதிகாரம். நிதானமாகப் பார்க்கலாம்.

தாவீது அப்போது ராஜா இல்லை. அப்போது ராஜாவாக இருந்த சவுலுக்குப் பயந்து, "நான் எந்த நாளிலாகிலும் ஒருநாள் சவுலின் கையினால் மடிந்துபோவேன்" என்று மனம் விட்டுப்போய், எதிரிகளான பெலிஸ்தரிடமே அடைக்கலம் புகுந்திருந்தான். அந்த முடிவை எடுப்பதற்கு முன் அவன் ஜெபித்ததாகப் பதிவு எதுவும் இல்லை. ஒரு வருஷமும் நாலு மாதமும் அந்த நாட்டில் இருந்தான். சிக்லாகு என்ற ஊர் அவனுக்குக் கொடுக்கப்பட்டது. ஒரு நாள் தன் 600 பேரோடு ஊர் திரும்பினால், அமலேக்கியர் வந்து ஊரைச் சுட்டெரித்துவிட்டு, பெண்களையும் பிள்ளைகளையும் சிறைபிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவனுடைய இரண்டு மனைவிகளும் போய்விட்டார்கள். "அழுகிறதற்குத் தங்களில் பெலனில்லாமல் போகுமட்டும்" அழுதார்கள் என்கிறது வேதம். யுத்தம் பழகிய ஆட்கள், அழுது அழுது ஓய்ந்துபோனார்கள். அப்புறம் அந்தத் துக்கம் கோபமாகத் திரும்பியது. தாவீதைக் கல்லெறிந்து கொல்லலாம் என்று பேச ஆரம்பித்தார்கள்.

நாடு இல்லை, வீடு இல்லை, குடும்பம் இல்லை, கூட இருந்தவர்களும் இப்போது எதிரிகள். போதாததற்கு, இந்த நிலைமைக்கு வந்ததில் அவன் முடிவுக்கும் பங்கு உண்டு. அந்த இடத்தில்தான் இந்த வரி வருகிறது: "தாவீது தன் தேவனாகிய கர்த்தருக்குள்ளே தன்னைத் திடப்படுத்திக்கொண்டான்."

எப்படித் திடப்படுத்திக்கொண்டான் என்று அந்த அதிகாரம் சொல்வதில்லை. ஆனால் முந்தைய அதிகாரங்களைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். சில காலத்துக்கு முன், சவுல் தேடிக்கொண்டிருந்தபோது, சவுலின் மகன் யோனத்தான் காட்டுக்கே தேடி வந்து, "தேவனுக்குள் அவன் கையைத் திடப்படுத்தி", பயப்படவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். சிக்லாகில் யோனத்தான் இல்லை. ஏறத்தாழ அதே சமயத்தில்தான் அவன் கில்போவா மலையில் சாகிறான், அது தாவீதுக்குத் தெரியாது. முன்பு ஒரு நண்பன் தனக்குச் செய்ததை இப்போது அவன் தனக்குத் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்கும் முன்னால், கோலியாத்தின் முன்னே நின்றபோது அவன் சொன்ன காரணம் நினைவிருக்கிறதா? சிங்கத்தின் கைக்கும் கரடியின் கைக்கும் தப்புவித்த கர்த்தர் இவன் கைக்கும் தப்புவிப்பார் என்றான். நடந்ததை எடுத்து, நடக்கப்போவதன் முன்னே வைத்துப் பார்க்கிறவன் அவன். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்ற 56-ஆம் சங்கீதம், அவன் பெலிஸ்தரிடம் பிடிபட்ட நாட்களைச் சேர்ந்தது என்று அதன் தலைப்பே சொல்கிறது. பயம் போன பிறகு நம்புவேன் என்று அவன் சொல்லவில்லை, பயப்படுகிற அதே நாளில் நம்புவேன் என்கிறான்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்து நடந்ததுதான். ஆசாரியன் அபியத்தாரை அழைத்து, ஏபோத் என்ற ஆசாரிய உடையைக் கொண்டுவரச் சொல்லி, கர்த்தரிடம் ஒரு கேள்வி கேட்டான். "ஏன் இப்படி ஆயிற்று" என்று கேட்கவில்லை. "நான் அந்தத் தண்டைப் பின்தொடரவேண்டுமா? அதைப் பிடிப்பேனா?" என்று கேட்டான். தண்டு என்றால் படை. அடுத்த அடி எது என்ற கேள்வி. பின்தொடர் என்று பதில் வந்தது. எங்கே போயிருக்கிறார்கள், எத்தனை பேர், எப்படிப் பிடிப்பது, எதுவும் சொல்லப்படவில்லை. புறப்பட்டான். பேசோர் ஆற்றண்டை வந்ததும் 200 பேர் களைத்துப்போய் நின்றுவிட்டார்கள். அவர்களைத் திட்டாமல் விட்டுவிட்டு 400 பேரோடு தொடர்ந்தான். வழியில் வெளியில் கிடந்த ஒரு எகிப்தியனைக் கண்டார்கள். அமலேக்கியன் ஒருவனின் அடிமை, வியாதிப்பட்டதால் எஜமான் விட்டுவிட்டுப் போயிருந்தான். மூன்று நாள் இரவும் பகலும் சாப்பிடாமல் கிடந்தவனுக்கு அப்பமும் தண்ணீரும், அத்திப்பழ அடையின் ஒரு துண்டும், வற்றலான திராட்சப்பழமும் கொடுத்தார்கள். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியமான அந்தத் துரத்தலில், சாகக் கிடந்த ஒரு அந்நியனுக்கு உணவு கொடுக்க நின்றார்கள். எதிரியின் இடத்தை அவன்தான் காட்டிக்கொடுத்தான். போனது எல்லாம் திரும்பக் கிடைத்தது. திரும்பி வந்தபோது, பேசோரில் நின்றுவிட்ட 200 பேருக்குப் பங்கு கூடாது என்று சிலர் முரண்டு பிடித்தார்கள். தாவீது விடவில்லை. மூட்டைமுடிச்சுகளண்டையில் இருந்தவர்களுக்கும் யுத்தத்துக்குப் போனவர்களுக்கும் சமபங்கு என்று அதையே இஸ்ரவேலில் பிரமாணமாக்கினான். களைத்துப் பின்தங்கியவர்களில் நீங்களும் ஒருவர் என்று இப்போது தோன்றினால், இந்த வசனங்களை விட்டுவிடாதீர்கள்.

இந்த அதிகாரத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: கிறிஸ்தவன் பேசும் தைரியம் ஒரு மனநிலையாக முதலில் வந்து, அப்புறம் செயலாக மாறுவதில்லை. அழுது முடித்து, கடவுள் பக்கம் திரும்பி, அடுத்த ஒரு அடியைக் கேட்டு, அதை நடுங்கிக்கொண்டேயாவது வைக்கும்போது, தைரியம் அந்த நடையிலேயே சேர்ந்துகொள்கிறது. தாவீது தைரியமாக உணர்ந்தான் என்று அந்த அதிகாரத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

நம் காலத்துக்குப் பக்கத்தில் ஓர் உதாரணம் வேண்டுமானால் மார்ட்டின் லூதர் கிங். அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரத்தில் கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு 1955 டிசம்பரில் தொடங்கியது. அவர் அந்த ஊரில் ஒரு சபையின் போதகர், இளைஞர். தலைமை தாங்கும் பொறுப்பு அவர் தலையில் வந்து விழுந்தது. மிரட்டல் தொலைபேசி அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. 1956 ஜனவரி இறுதியில் ஒரு நள்ளிரவு, படுக்கப்போன நேரத்தில் இன்னோர் அழைப்பு. அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. எழுந்துபோய் காபி போட்டுக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தார். கோழை என்று பேர் வாங்காமல் இதிலிருந்து எப்படி விலகலாம் என்றுதான் யோசித்தேன் என்று பிற்பாடு அவரே எழுதினார். காபி குடிக்காமலே ஆறிப்போனது. தலையைக் கையில் தாங்கிக்கொண்டு சத்தமாக ஜெபித்தார்: நான் பயப்படுகிறேன், மக்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், என்னிடம் பலம் எதுவும் மிச்சமில்லை, தனியாக இதைச் சந்திக்க முடியாத இடத்துக்கு வந்துவிட்டேன் என்கிற பொருளில். அந்த நேரத்தில் கடவுளின் பிரசன்னத்தை அதுவரை உணராத விதத்தில் உணர்ந்ததாகவும், பயம் விலகத் தொடங்கியதாகவும் அவர் சொல்கிறார்.

மூன்று நாள் கழித்து அவர் வீட்டில் குண்டு வெடித்தது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள், தப்பினார்கள். வெளியே கோபத்தோடு கூடிய கூட்டத்தை அவர்தான் அமைதிப்படுத்தி வீட்டுக்கு அனுப்பினார். அந்த நள்ளிரவு ஜெபம் குண்டைத் தடுக்கவில்லை, ஆனால் குண்டு வெடித்த இரவில் நிற்க வைத்தது. 1968-இல், 39 வயதில், அவர் சுட்டுக் கொல்லப்பட்டதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். "பயப்படாதே" என்ற வார்த்தை வேதத்தில் வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக 365 தடவை வருகிறது என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு வராது, அது போகட்டும். அந்த வார்த்தை வரும் இடங்களில் அதோடு என்ன காரணம் வருகிறது என்று பாருங்கள். ஈசாக்குக்கு, யோசுவாவுக்கு, ஏசாயா 41-இல் இஸ்ரவேலுக்கு, கொரிந்துவில் பவுலுக்கு, திரும்பத் திரும்ப ஒரே காரணம்: நான் உன்னோடே இருக்கிறேன். "உனக்கு ஒன்றும் ஆகாது" என்ற உறுதி சில இடங்களில் உண்டு, பல இடங்களில் இல்லை. எபிரெயர் 11-ஆம் அதிகாரத்தில் ஒரே மூச்சில் சிங்கங்களின் வாயை அடைத்தவர்களும் வருகிறார்கள், வாளால் அறுப்புண்டு செத்தவர்களும் வருகிறார்கள். இருவருக்கும் ஒரே சான்றுதான், விசுவாசத்தினாலே என்று. அக்கினிச் சூளைக்கு முன் நின்ற மூன்று பேரும் ராஜாவிடம், எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று சொன்ன கையோடு, "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சொன்னார்கள். இந்த இரண்டாவது பாதியைச் சொல்ல முடிகிறபோதுதான் தைரியம் நிலைமையின் கையிலிருந்து விடுபடுகிறது. "ஜெபித்தால் இத்தனை நாளில் எல்லாம் மாறும்" என்று தேதி குறித்துக் கொடுக்கிறவர்களிடம் கவனமாய் இருங்கள். அந்தத் தேதி தாண்டினால் பழி உங்கள் விசுவாசத்தின்மேல்தான் வரும், அவர்கள்மேல் வராது.

இப்போது உடம்பைப் பற்றிக் கொஞ்சம். ஆவிக்குரிய பதில்களில் இது விட்டுப்போகிறது. கர்மேலில் அத்தனை பெரிய வெற்றிக்குப் பிறகு தீர்க்கதரிசி எலியா, ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றான். அவனுக்குக் கிடைத்த முதல் பதில் பிரசங்கம் இல்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டான். அதற்கும் கண்டிப்பு இல்லை. இரண்டாம் தரம் வந்து, சாப்பிடு, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான் தூதன். ஓரேபில் கடவுளுடன் பேச்சு நடந்தது அதற்கப்புறம்தான். பவுலும், 14 நாள் புயலில் அலைக்கழிந்த கப்பலில், நம்பிக்கை முழுவதும் போன 276 பேர் நடுவில், சாப்பிடச் சொன்னார். தாமே அப்பத்தை எடுத்து, எல்லார் முன்பாகவும் ஸ்தோத்திரம் பண்ணி, பிட்டுச் சாப்பிட்டுக் காட்டினார். அப்போதுதான் மற்றவர்கள் திடமனப்பட்டார்கள்.

ஆகவே நேரடியாகக் கேட்கிறேன். தூங்கி எத்தனை நாள் ஆயிற்று? ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? எலியாவைப் போல "போதும்" என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் அதை இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். அந்த எண்ணம் வலுத்தால் தனியாக இருக்காதீர்கள். மருந்து எடுப்பது விசுவாசத்துக்கு விரோதம் என்று சொல்கிற ஊழியக்காரர் யாராக இருந்தாலும் இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். மனச்சோர்வு நோயாகவே வந்துவிடுவதும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் எழுதிய பாமாலைகளை இன்றும் சபைகள் பாடுகின்றன. அவர் தம்மைக் கடவுள் தள்ளிவிட்டார் என்ற எண்ணத்திலிருந்து கடைசிவரை முழுவதும் மீளாமலே 1800-இல் இறந்தார். 1773-இல் அவர் உடைந்துபோனபோது, அவருடைய போதகரும் நண்பருமான ஜான் நியூட்டன் தம் வீட்டிலேயே ஒரு வருஷத்துக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். குணமாக்க அவரால் முடியவில்லை. ஆனால் கூடவே இருந்தார். கூப்பரைவிட நல்ல விசுவாசம் நமக்கு இருக்கிறது என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

நியூட்டன் மாதிரி ஓர் ஆளைத் தேடுங்கள். பவுலே அப்படித்தான் தேறினார்: வெளியே போராட்டம், உள்ளே பயம் என்று இருந்த நாட்களில், "சிறுமைப்பட்டவர்களுக்கு ஆறுதல்செய்கிற தேவன் தீத்து வந்ததினாலே எங்களுக்கு ஆறுதல்செய்தார்" என்கிறார். கடவுள் கொடுத்த ஆறுதல் ஒரு மனிதனாக வாசலில் வந்து நின்றது. சபையில் எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் அறிவுரைதான் குவியும். யோபுவின் நண்பர்கள்கூட முதல் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். வாயைக் காத்துக்கொள்ளத் தெரிந்த ஒருவர் போதும். அவரிடம் கடன் எவ்வளவு, யாருக்கு, எப்போது என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். "எனக்காக ஜெபியுங்கள்" என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிட்டால் அவருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. கடன் கொடுத்தவரோடு பேசப் போகும்போது கூட வருவது, மருத்துவமனையில் ஓர் இரவு மாற்றி உட்காருவது, இப்படி ஏதாவது ஒன்றை அவர் கையில் கொடுங்கள்.

கடைசியாக, ஜெபம் வராத விஷயம். வரவில்லை என்றால் உருவாக்க முயலாதீர்கள், கடன் வாங்குங்கள். சங்கீதங்களில் துதியைவிடப் புலம்பல் அதிகம். நமக்காக யாரோ ஏற்கெனவே அழுது எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது, முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை "எதுவரைக்கும்" வருகிறது. அதைச் சத்தமாக வாசியுங்கள், நீங்களே கேட்கிற மாதிரி. கடைசி இரண்டு வசனங்களில் அவன் நம்பிக்கைக்குத் திரும்புகிறான். உங்களால் அந்த இடத்துக்கு வர முடியவில்லை என்றால் நான்காம் வசனத்தோடு நிறுத்திக்கொண்டாலும் அது ஜெபம்தான். அதுவும் முடியாத இரவுகளுக்கு ரோமர் 8:26 இருக்கிறது: என்ன வேண்டுவதென்று நமக்குத் தெரியாதபோது ஆவியானவர்தாமே "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுகிறார். படுக்கையில் கிடந்து விடும் பெருமூச்சையே அவர் பக்கம் திருப்பினால் போதும்.

42-ஆம் சங்கீதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்று அதைப் பாடியவன் தனக்குத் தானே பேசுகிறான். ஒரு தடவை பேசித் தேறிவிடவில்லை. அதே வரி 42-இல் இரண்டு முறை, 43-இல் ஒரு முறை என்று திரும்ப வருகிறது. 88-ஆம் சங்கீதம் மட்டும் கொஞ்சம் பொறுத்து. அது இருட்டிலேயே தொடங்கி, சிநேகிதரும் அறிமுகமானவர்களும் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே முடிகிறது. அப்படி ஒன்றும் வேதத்துக்குள் இடம்பெற்றிருக்கிறது என்பதே பெரிய விஷயம். ஆனாலும் தனியாக விழித்திருக்கும் இரவில் அதை எடுக்க வேண்டாம். பகலில், அந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது சேர்ந்து வாசியுங்கள்.